டர்போ என்ஜினைத் திரும்பப் பூட்டும்போது வேக்குவம் ஹோஸ் எது எங்கே போகும்?

ஹெட்டை ஏற்றி, டைமிங் பெல்ட் மாட்டி, டர்போவையும் பூட்டியாகிவிட்டது. மிஞ்சுவது பென்சில் தடிமனில் ஒரு கொத்து கறுப்பு ஹோஸ். பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவு என்பதால் எந்த ஹோஸும் எந்த நிப்பிளிலும் (ஹோஸ் மாட்டும் குட்டிக் குழாய் முனை) ஏறிவிடும். தொந்தரவே அதுதான். தப்பாக மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் சாதுவாக நிற்கும். பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்றின் அழுத்தம்) ஏறும்போதுதான் வேலையைக் காட்டும்: ஒன்று இழுவை இருக்காது, அல்லது இருக்க வேண்டியதைவிட அதிகம் இருக்கும். இரண்டாவதுதான் பிஸ்டனைக் காவு வாங்கும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 20 வால்வு 1.8 டர்போ பெட்ரோல் என்ஜின். ஐரோப்பாவில் கோல்ஃப், ஆடி ஏ3, டிடி ஆகியவற்றில் குறுக்குவாட்டில் உட்கார்ந்தது. இந்தியாவில் ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கம். முறையைப் பிடித்துக்கொண்டால் மற்ற டர்போ பெட்ரோல் என்ஜின்களுக்கும் இதே வழிதான்.

முதலில் என்ஜின் கோடை (code, என்ஜின் வகையைக் குறிக்கும் எழுத்துகள்) பாருங்கள். டைமிங் பெல்ட் கவரில் ஸ்டிக்கராக இருக்கும், பிளாக்கிலும் பொறித்திருக்கும். பெயர் ஒரே 1.8 டர்போவானாலும் கோடு மாறினால் ஹோஸ் அமைப்பு மாறும். சிலவற்றில் எக்ஸாஸ்டுக்குக் காற்று தள்ளும் தனி பம்ப் உண்டு, சிலவற்றில் கிடையாது. இன்னொரு கோடுக்கான படத்தை வைத்துக்கொண்டு "இந்த ஹோஸைக் காணோமே" என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவது சகஜம். கோடுக்குப் பொருந்தும் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கீழே உள்ளபடி நீங்களே வரைந்துவிடலாம்.

ஹோஸைப் பார்க்காதீர்கள், அழுத்தத்தைப் பாருங்கள்

ஹோஸின் நீளம், வளைவு, பழைய அழுக்குத் தடம் இவற்றை வைத்து ஊகிக்கப் போனால் தப்பு நடக்கும். ஒரு ஹோஸ் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் இரு முனையிலும் என்ன அழுத்தம் இருக்க வேண்டும் என்பதுதான். என்ஜினின் காற்றுப் பாதையை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள்.

பச்சை: ஏர்ஃப்ளோ சென்சரிலிருந்து டர்போவின் வாய் வரை. சென்சர் அளந்துவிட்ட காற்று. எப்போதும் லேசான உறிஞ்சல் மட்டும். பூஸ்ட் ஒருபோதும் வராது.

சிவப்பு: டர்போ கம்ப்ரஸரிலிருந்து இன்டர்கூலர் வழியாக த்ரோட்டில் பாடி வரை. ஐடிலில் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம், மிதித்தால் பூஸ்ட்.

நீலம்: த்ரோட்டில் பாடிக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி). ஐடிலில் நல்ல வேக்குவம், மிதித்தால் பூஸ்ட். இரண்டு முகமும் உள்ள பகுதி இது ஒன்றுதான்.

வெள்ளை: நீலத்திலிருந்து ஒருவழி வால்வு வழியாகப் பிரிந்த பகுதி. வேக்குவம் மட்டும் தங்கும், பூஸ்ட் வராது. பிரேக் பூஸ்டரும் வேக்குவம் டப்பாவும் இங்கே.

நான்கு நிற இன்சுலேஷன் டேப் வாங்கி, ஒவ்வொரு நிப்பிளின் கழுத்திலும் ஒரு சுற்று போடுங்கள். மாஸ்கிங் டேப் எண்ணெய் பட்டால் அரை நாளில் கழன்றுவிடும், வேண்டாம். பிறகு ஒரு தாளில் நிப்பிள்களை மட்டும் எழுதுங்கள்: இடம், விட்டம், நிறம். கணக்கு நேராக வர வேண்டும். ஒரு ஹோஸுக்கு இரண்டு நிப்பிள், டீ இணைப்பு இருந்தால் மூன்று. ஒரு நிப்பிள் மிஞ்சினால் ஹோஸைத் தொலைத்திருக்கிறீர்கள், அல்லது அது மூடி போட வேண்டிய நிப்பிள். மேனிஃபோல்டில் மூடி போட்டிருந்த நிப்பிளின் ரப்பர், சூட்டில் வெடித்துப் பின்பக்கமாக வாய் பிளந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் புதிது மாதிரியே தெரியும், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இன்னும் பிரிக்காத நிலையில் இதைப் படிப்பவர்கள் கழற்றும் முன் ஹோஸ், நிப்பிள் இரண்டிலும் ஒரே எண்ணைப் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஃபோட்டோவில் எந்த நிப்பிள் என்று தெரிய விரலால் சுட்டிக்கொண்டே எடுங்கள். விரல் இல்லாத ஃபோட்டோவில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு ஹோஸ்தான் தெரியும்.

மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ளதை முதலில்

இந்த என்ஜினில் வேக்குவம் டப்பா, கிரான்க்கேஸ் ப்ரீதர் குழாய்கள் (என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றுபவை), சில ஒருவழி வால்வுகள் எல்லாம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேனிஃபோல்டைப் பூட்டிய பிறகு அங்கே கை போகாது, கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். எனவே இவற்றை மேனிஃபோல்டு ஏறும் முன்பே மாட்டி, கிளாம்ப் போட்டு, சோதித்து முடியுங்கள். ப்ரீதர் குழாயின் வளைவு ரப்பர் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். லீக் எடுக்கப்போகும் முதல் இடம் அதுதான்.

ஹோஸ் வாங்கும்போது

சிக்னல் ஹோஸ்களுக்கு (அழுத்தத்தை மட்டும் கடத்தும் மெல்லிய ஹோஸ்கள்) உள்விட்டம் 3.5 மி.மீ. சரியாக இருக்கும். மேலே நூல் பின்னல் போட்டு வரும் கம்பெனி ஹோஸ் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வெடித்திருக்கும். பின்னல் மறைத்துவிடுவதால் வளைத்துப் பார்த்தாலும் தெரியாது. இவ்வளவு பிரித்த பிறகு பழையதையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம்.

சிலிக்கான் ஹோஸ் வாங்கினால் சுவர் தடிப்பாக உள்ளதைப் பாருங்கள். மெல்லியது வேக்குவத்தில் சப்பிப்போகும், பூஸ்டில் உப்பும். எண்ணெய் ஆவியோ பெட்ரோல் ஆவியோ போகும் ஹோஸுக்குச் சாதாரண சிலிக்கான் ஆகாது, ஊறிப் பருத்துவிடும். ப்ரீதருக்கும் கேனிஸ்டருக்கும் (பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) எரிபொருள் தாங்கும் ரப்பர்தான். மீன் தொட்டி டியூப், வைப்பர் தண்ணீர் டியூப் இரண்டையும் வண்டியிலிருந்து தூர வையுங்கள். டர்போ சூட்டில் முதலில் இளகும், பிறகு கண்ணாடி போல் விறைத்து நிப்பிளிலிருந்து தானே நழுவும்.

நிப்பிளில் ஏற்ற சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். என்ஜின் ஆயில் தடவினால் ஏறும், பூஸ்டில் அதே சுலபத்தில் இறங்கியும் வரும். பழைய ஹோஸைத் தவிர்க்க முடியாமல் திரும்பப் பயன்படுத்தினால், விறைத்த முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மாட்டுங்கள். சிவப்பு, நீலப் பகுதிகளில் கிளாம்ப் கட்டாயம்.

என்75: பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு

அதிகம் குழப்புவது இதுதான். மின்சாரத்தால் இயங்கும் இந்த வால்வுக்கு மூன்று வாய். ஒன்று டர்போ கம்ப்ரஸர் உடம்பிலுள்ள நிப்பிளுக்கு, அதாவது சிவப்பு. ஒன்று வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைத் தாண்டி விட்டுப் பூஸ்டைக் குறைக்கும் கதவு, அதை அசைப்பது ஆக்சுவேட்டர்). மூன்றாவது டர்போ இன்லெட் பைப்புக்கு, அதாவது பச்சை.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் வாய்களை மறக்க மாட்டீர்கள். மின்சாரம் இல்லாதபோது டர்போவின் அழுத்தம் நேராக வேஸ்ட்கேட்டுக்குப் போகும். வேஸ்ட்கேட் சீக்கிரம் திறக்கும், பூஸ்ட் குறைவாக நிற்கும். ஈசியூ (என்ஜினின் கம்ப்யூட்டர்) மின்சாரம் கொடுத்தால் வேஸ்ட்கேட் பக்கத்து அழுத்தம் இன்லெட் பைப்புக்குக் கசிந்துவிடும். வேஸ்ட்கேட் மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும். கம்பி அறுந்தால் பூஸ்ட் குறையட்டும், என்ஜின் பிழைக்கட்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு.

எது எந்த வாய் என்று தெரியாவிட்டால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு டியூப் மாட்டி ஒவ்வொரு வாயாக ஊதுங்கள். மின்சாரம் இல்லாமல் ஒன்றோடொன்று சேரும் இரண்டு வாய்கள் டர்போவும் வேஸ்ட்கேட்டும். தனித்து நிற்பது இன்லெட் பைப். இப்போது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் சில விநாடி 12 வோல்ட் கொடுங்கள். "டக்" என்று சத்தம் வரும். இப்போது இன்லெட் பைப் வாயோடு சேரும் வாய்தான் வேஸ்ட்கேட். மீதி டர்போ. சத்தம் வராவிட்டால் மல்டிமீட்டரில் காயிலைப் பாருங்கள், 25 முதல் 35 ஓம் வர வேண்டும்.

இதில் நடக்கும் தவறுகளும் விளைவுகளும்: வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றாலோ கிழிந்தாலோ பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும், ஸ்கேனரில் பி0234 (பூஸ்ட் மிகை) என்ற கோளாறு எண் வரும், வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலை) போகும். இன்லெட் பைப்புக்குப் போகும் ஹோஸை மாட்டாமல் விட்டால் பைப்பிலுள்ள ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே வரும், கூடவே தூசியும். அந்தத் தூசி ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. கம்ப்ரஸர் பிளேடு அதை நேராக வாங்கிக்கொள்ளும்.

வேறு கம்பெனி வண்டியானால் ஒரு எச்சரிக்கை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்றவற்றில் இந்த ஹோஸுக்குள் நெல் மணி அளவில் ஒரு சின்ன உலோகத் துண்டு, நடுவில் நூல் ஓட்டையோடு, செருகியிருக்கும். பழைய ஹோஸோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டால் சோலினாய்டால் அழுத்தத்தைப் போதுமான அளவு கசியவிட முடியாது, பூஸ்ட் ஏறாது. பழைய ஹோஸைத் தூக்கி எறியும் முன் நீளம் முழுக்க விரலால் அமுக்கிப் பாருங்கள்.

டைவர்ட்டர் வால்வும் என்249ம்

மிதித்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால் சிவப்பிலுள்ள காற்றைப் பச்சைக்குத் திருப்பி விடுவது டைவர்ட்டர் வால்வு. அதன் இரண்டு பெரிய வாயும் சிவப்பு, பச்சைக்கு. மேலே உள்ள சின்ன நிப்பிளுக்கு வரும் சிக்னல் என்249 வழியாக. என்249க்கும் மூன்று வாய்: நீலம், வெள்ளை, டைவர்ட்டர். மின்சாரம் இல்லாதபோது நீலம் டைவர்ட்டரோடு சேரும். மின்சாரம் வந்தால் வெள்ளை டைவர்ட்டரோடு சேரும். என்75க்குச் சொன்ன அதே ஊதும் சோதனையில் மூன்றையும் பிரித்துவிடலாம்.

நீலமும் வெள்ளையும் இடம் மாறினால் டைவர்ட்டர் எப்போதும் வேக்குவத்திலேயே இருக்கும், திறந்தபடி நிற்கும், பூஸ்ட் சுற்றிச் சுற்றி டர்போ வாய்க்கே திரும்பும். ஸ்கேனரில் பி0299 (பூஸ்ட் போதவில்லை) காட்டும். டர்போ செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புது டர்போ வாங்கும் முன் இந்த இரண்டு ஹோஸையும் ஒரு தடவை பாருங்கள்.

என்249ஐத் தூக்கிவிட்டு மேனிஃபோல்டிலிருந்து நேராக டைவர்ட்டருக்கு ஒரே ஹோஸ் போடும் வழக்கம் உண்டு. அதுவும் ஓடும். ஆனால் இப்போதுதான் பூட்டிய என்ஜினில் அதைச் செய்யாதீர்கள். கம்பெனி அமைப்பிலேயே சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் கோளாறு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

டைவர்ட்டரைச் சோதிக்கக் கை வேக்குவம் பம்பைச் சின்ன நிப்பிளில் மாட்டி 20 அங்குலம் (பாதரச அளவில்) வரை இழுங்கள். வால்வு திறக்க வேண்டும், முள் இறங்காமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

எரிபொருள் ரெகுலேட்டர்: இங்கே மட்டும் தப்பு செய்யாதீர்கள்

ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) உள்ள ரெகுலேட்டரின் ஹோஸ் நேராக நீலத்துக்கு. நடுவில் ஒருவழி வால்வு கூடாது, வேறு எதற்கும் கிளை கூடாது. காரணம் எளிது: மேனிஃபோல்டில் பூஸ்ட் ஏறும்போது அதே அளவு ரெயில் அழுத்தமும் ஏறினால்தான் இன்ஜெக்டர் அதே அளவு பெட்ரோல் தெளிக்கும். இந்த ஹோஸைத் தவறுதலாக வெள்ளையில் மாட்டினால் ரெகுலேட்டருக்குப் பூஸ்டே தெரியாது. ஐடில் அருமையாக இருக்கும். மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் பெட்ரோல் போதாமல் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும். பச்சையில் மாட்டினாலும் இதே கதி.

3 பார் ரெகுலேட்டர் உள்ள என்ஜினில் ஐடிலில் ஹோஸ் மாட்டிய நிலையில் ரெயில் அழுத்தம் சுமார் 2.5 பார். ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்தை விரலால் அடைத்தால் 3 பாருக்கு ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஹோஸ் தப்பான இடத்தில் இருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது. கழற்றிய ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரையே மாற்றுங்கள். இந்த ஹோஸிலும் கேனிஸ்டர் ஹோஸிலும் வாய் வைத்து ஊத வேண்டாம், பம்பைப் பயன்படுத்துங்கள்.

ஒருவழி வால்வுகள்

நீலத்திலிருந்து வேக்குவம் வாங்கும் ஆனால் பூஸ்ட் தாங்காத எந்தப் பாகத்துக்கும் நடுவில் ஒருவழி வால்வு இருந்தே தீர வேண்டும். திசைக்கு ஒரே விதி: மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் அடைக்க வேண்டும், மறுபக்கத்திலிருந்து ஊதினால் மேனிஃபோல்டை நோக்கிப் போக வேண்டும். அம்புக்குறியை நம்புவதைவிட ஊதிப் பார்ப்பது மேல்.

பிரேக் பூஸ்டர் வால்வு திரும்பியிருந்தால் பெடல் கல் மாதிரி இருக்கும். பூட்டி முடித்ததும், என்ஜின் நின்ற நிலையில் நான்கைந்து தடவை பெடலை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மிதித்தாலும் முதல் மிதி மிருதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக வராமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. பூஸ்ட் கேஜுக்காக இந்த ஹோஸில் டீ போடுவதும் கூடாது.

ப்ரீதரின் ஒருவழி வால்வு திரும்பினால் பூஸ்ட் கிரான்க்கேஸுக்குள் நுழையும். முதல் அடையாளம், டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருக்கும். அடுத்தது ஆயில் சீல். கேனிஸ்டர் பக்கத்தில் என்80 சோலினாய்டுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும்: ஐடிலில் ஆவி நீலத்துக்கு, பூஸ்டில் பச்சைக்கு. நீலக் கிளையின் வால்வு திரும்பினால் அல்லது கெட்டால் பூஸ்ட் கேனிஸ்டர் பக்கம் தள்ளும், பெட்ரோல் வாடை வரும்.

எக்ஸாஸ்டுக்குக் காற்று தள்ளும் பம்ப் உள்ள கோடுகளில் என்112 என்ற சோலினாய்டும் உண்டு. வெள்ளையிலிருந்து வேக்குவம் எடுத்து காம்பி வால்வை (அந்த பம்பின் காற்றை எக்ஸாஸ்டுக்கு விடும் வால்வு) திறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஸ்டார்ட் செய்யும் முன் லீக் சோதனை

ஏர்ஃப்ளோ சென்சரைக் கழற்றிவிட்டு இன்லெட் பைப்பின் வாயில் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கேப்பில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தினால் பஞ்சர் கடைக் காற்றே போதும். முதல் சுற்றில் ப்ரீதர் இன்லெட் பைப்பில் சேரும் இடத்தை அடைத்துவிட்டு 0.5 பார் வரை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அடுத்து ப்ரீதரை மாட்டி 0.2 பாருக்கு மேல் போகாமல் பாருங்கள். கிரான்க்கேஸ் சீல்கள் அதற்கு மேல் தாங்கும் என்று எண்ண வேண்டாம். காற்றழுத்த ரெகுலேட்டர் இல்லாத ஏர் கம்ப்ரஸரை நேராக மாட்டவே மாட்டாதீர்கள்.

இன்டர்கூலர் குழாய் இணைப்புகளில் பெரிய குமிழி வரும். ஆனால் மேனிஃபோல்டின் பின்பக்க நிப்பிளில் வரும் குமிழி கடுகளவுதான், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்த பிறகு

என்ஜின் சூடானதும் நீலத்தில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்து ஊர்களில் நல்ல என்ஜின் 18 முதல் 22 அங்குலம் காட்டும். உயரம் ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் குறையும். சென்னையில் 20 காட்டிய வண்டி ஊட்டியில் 13 காட்டினால் லீக் தேட வேண்டியதில்லை.

ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐடிலில் பிளஸ் 10 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் லீக் நீலத்தில். ஐடிலில் உறிஞ்சும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டையும் அங்கே பெரிதாகத் தெரிகிறது. பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு), பி0507 (ஐடில் வேகம் அதிகம்) இரண்டும் சேர்ந்து வந்தாலும் அங்கேயே தேடுங்கள். ஐடிலில் ட்ரிம் சரியாக இருந்து, பூஸ்டில் மட்டும் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் இருந்தால் லீக் சிவப்பில்: அளந்த காற்று வெளியே போகிறது, பெட்ரோல் மட்டும் அதே அளவில் இறங்குகிறது.

முதல் ஓட்டத்தில் உடனே முழுக்க மிதிக்காதீர்கள். மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து பாதி மிதியில் ஏற்றி, ஈசியூ கேட்கும் பூஸ்டும் கிடைக்கும் பூஸ்டும் ஒன்றாக ஏறுகின்றனவா என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்கேனரில் பார்க்கட்டும். கிடைப்பது கேட்பதைத் தாண்டினால் உடனே காலை எடுத்து வேஸ்ட்கேட் ஹோஸைச் சரிபாருங்கள். இரண்டும் ஒட்டிப் போனால் அடுத்த ஓட்டத்தில் முழு மிதி.

200 கிலோமீட்டர் ஓடியதும், என்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்க்ரூ கிளாம்ப்களை ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கிக் கால் திருகாவது தளர்ந்திருக்கும். டர்போவின் சூடான பக்கத்துக்கு அருகில் போகும் ஹோஸ் எதிலாவது பளபளப்போ சுருக்கமோ தெரிந்தால் பாதையை மாற்றிக் கட்டுங்கள்.